காப்பதும் அழிப்பதும் ஒரே பட்டன்

1996இல் யு.எஸ். ரோபோட்டிக்ஸ் அறிமுகப்படுத்திய ‘பைலட்’ கையடக்கக் கணினிக்கும் அதன் வாரிசுகளான பாம் கருவிகளுக்கும் ஒரு பலவீனம். ஒத்துப்போகாத டிரைவர் மென்பொருளை ஏற்றினால் திரை உறைந்துவிடும். முதுகிலுள்ள சிறு துளையில் பேப்பர் கிளிப்பால் குத்தி உயிர்ப்பித்தாலும் அதே டிரைவர் உடன் விழிக்கும். கருவி மறுபடி உறையும்.

மீட்க வழி இருந்தது. மேல்நோக்கி நகர்த்தும் பட்டனை அழுத்தியபடி குத்தினால், வெளியிலிருந்து ஏற்றிய டிரைவர்கள் எழாது. அந்த நேரத்தில் குற்றவாளியை நீக்கிவிடலாம். முகவரிகளும் சந்திப்புக் குறிப்புகளும் பத்திரம்.

பதற்றத்தில் பவர் பட்டனை அழுத்தியபடி குத்தியவருக்கோ, எல்லாவற்றையும் அழிக்கலாமா என்ற கேள்வி திரையில் வரும். ‘ஆம்’ என்பதற்கும் மேல்நோக்கி நகர்த்தும் அதே பட்டன்தான்! அழுத்தினால், ராம் நினைவகத்தில் சேர்த்ததெல்லாம் போச்சு. மேசைக் கணினியில் முன்பே நகலெடுத்து வைத்தவர் மட்டும் தப்பித்தார்.