ஊட்டிக் குளிரும் எங்க வீட்டுப் புகைச்சலும்!

ஊட்டிக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்ததும் ஆபீஸே என்னைப் பொறாமையோடு பார்த்தது. "கொடுத்து வச்சவன்யா! நாமெல்லாம் கடன் வாங்கி ஹனிமூன் போற ஊருக்கு இவன் சம்பளம் வாங்கிட்டுப் போறான்" என்றார் ஹெட் கிளார்க்.

ஹனிமூனுக்கு இரண்டு பேர் வேண்டும் என்பதை அவர் மறந்துவிட்டார். எனக்கு அங்கே வாய்த்த இரண்டாவது ஆள், எங்கள் வங்கிக் கிளையின் கேஷியர். என்னைப் போலவே பிரம்மச்சாரி. நல்ல மனுஷன். ஒரே குறை, குறட்டை. சாதாரணக் குறட்டை இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வரும் ரயில் எங்கள் ரூமுக்குள் வந்து நிற்பது போல இருக்கும்.

நான் சொல்வது 1994 டிசம்பர். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலையில் புல்வெளியெல்லாம் உறைபனி விழுந்து உப்பு கொட்டினாற்போல் கிடக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆசாமியான எனக்குப் பல்லும் பல்லும் அடித்துக்கொண்டதில், கவுன்ட்டரில் வாடிக்கையாளர் பெயரைக்கூட ஒழுங்காகக் கூப்பிட முடியவில்லை.

நாங்கள் பிடித்த வீடு, வெள்ளைக்காரன் காலத்துப் பங்களா ஒன்றின் பின் போர்ஷன். "ஃபயர் பிளேஸ் இருக்கு சார்!" என்று சொல்லியே வாடகையில் நூறு ரூபாய் ஏற்றினார் வீட்டுக்காரர். சினிமாவில் கதாநாயகன் கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு கணப்பு முன்னால் உட்காருவானே, அந்த நினைப்பில் நாங்களும் தலையாட்டிவிட்டோம்.

முதல் நாள் ராத்திரி. குளிர்காற்று வரும் இடுக்கெல்லாம் பழைய பேப்பரைச் சுருட்டி அடைத்தோம். கதவுக்கு அடியில் கோணிச்சாக்கு. விறகு டெப்போவிலிருந்து வாங்கி வந்த சீகை விறகை அடுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்தார் கேஷியர். (மண்ணெண்ணெய் ஊற்றியது தப்பு. நீங்கள் செய்யாதீர்கள்.)

பத்தே நிமிஷம். ரூமில் கேஷியர் இருக்கிறார் என்பதை இருமலை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. சிம்னி வழியாகப் போக வேண்டிய புகை மொத்தமும் எங்களைப் பார்க்கத் திரும்பி வந்தது. தட்டுத்தடுமாறி ஜன்னலைத் திறந்தேன். என்ன ஆச்சரியம்! புகை சமர்த்தாக சிம்னிக்குள் ஏறிப் போனது. ஆனால் குளிர் உள்ளே வந்தது. ஜன்னலை மூடினேன். புகை திரும்ப வந்தது.

திறந்தால் குளிர், மூடினால் புகை. விடை கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. இரண்டு பட்டதாரி மண்டைகளில் ஒன்றிலும் ஏறவில்லை.

மறுநாள் கேஷியர் ஓர் ஐடியாவோடு வந்தார். "புகை எதுல வருது? விறகுல. விறகே வேணாம்யா!" என்று டீக்கடையிலிருந்து ஓர் இரும்புச் சட்டி நிறையக் கரித் தணல் வாங்கி வந்து ரூம் நடுவில் வைத்தார். புகையே இல்லை. சட்டி செக்கச்செவேல் என்று ஜொலித்தது. ரூம் கதகதவென்று ஆனது. "எப்படி நம்ம மூளை?" என்று காலரைத் தூக்கி விட்டுக்கொண்டார். இடுக்குகளில் பேப்பர் அப்படியே இருந்தது. கதவடியில் சாக்கும் இருந்தது. படுத்தோம்.

ராத்திரி எத்தனை மணியோ தெரியாது, விழிப்பு வந்தது. தலையை யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி வலி. வயிற்றைப் புரட்டியது. எழுந்து உட்கார முயன்றேன். கை கால் பஞ்சு மாதிரி இருந்தது. 'சரி, காலையில் பார்த்துக்கலாம்' என்று மறுபடி படுக்கத்தான் தோன்றியது. அப்போது ஒன்று உறைத்தது.

குறட்டை கேட்கவில்லை.

மூன்று வாரமாக என்னைத் தூங்க விடாத அந்தச் சத்தம் நின்று போயிருந்தது. எனக்கு வந்த பயம் அதுவரை வாழ்க்கையில் வந்ததில்லை. தவழ்ந்து போய் சாக்கை இழுத்தேன். கதவைத் திறந்து வெளியே தலையை நீட்டி நாலு மூச்சு இழுத்தேன். திரும்பி வந்து கேஷியரை போர்வையோடு சேர்த்து வாசலுக்கு இழுத்துப் போட்டேன். உறைபனியில் கிடந்து வாந்தி எடுத்த பிறகுதான் அவர் கண் திறந்தார். "யோவ்... ஏன்யா வெளியில படுக்க வச்சிருக்கே?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்த டாக்டர் எங்களைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. "புகை இருந்திருந்தா இருமியாவது முழிச்சிருப்பீங்க. தணல்ல வர்றது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜன் உட்கார வேண்டிய எடத்துல இது போய் உட்கார்ந்துக்கும். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல கெட்டியா ஒட்டிக்கும். படிச்ச புள்ளைங்கதானே நீங்க?"

படித்திருந்தோம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தோம். அன்றைக்குத்தான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பங்களாக்களில் சிம்னி வேலை பார்த்துப் பழகிய வயதான மேஸ்திரி ஒருவரைக் கூட்டி வந்தோம். அவர் முதலில் கணப்பைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். இடுக்கில் இருந்த பேப்பரை உருவி எடுத்துக் காட்டிச் சிரித்தார்.

"தம்பி, எண்ணெய் டின்ல ஒரே ஓட்டை போட்டுக் கவுத்தா என்ன ஆகும்? குபுக் குபுக்குனு மக்கர் பண்ணும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டா தாராளமா ஊத்தும். வீடும் அப்படித்தான். சிம்னி வழியாக் காத்து வெளிய போகணும்னா, வேற வழியாக் காத்து உள்ள வரணும். நீங்க எல்லாத்தையும் அடைச்சிட்டா அது எங்கேருந்து வரும்? சிம்னி வழியாவே கீழ இறங்கும். புகையையும் கூட்டிக்கிட்டு!"

கணப்பில் கொஞ்சம் விறகைப் பற்ற வைத்தார். கதவைத் திறந்து வைத்து, புகை ஒழுங்காக மேலே போவதைப் பார்த்தார். பிறகு கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தினார். ஓர் இடத்தில் புகை ரூமுக்குள் எட்டிப் பார்த்தது. இம்மி திறந்தார், உள்ளே போய்விட்டது. அந்த இடுக்கை விரலால் அளந்தார். "இவ்வளவு காத்து இந்த அடுப்புக்கு வேணும்." ஜன்னலின் மேல் வரிசைக் கண்ணாடி ஒன்றைக் கழற்றிவிட்டு கம்பி வலை அடித்தார். குளிர்காற்று உச்சியில் நுழைந்ததால் எங்கள் கழுத்தில் நேராக வந்து விழவில்லை.

பிற்பாடு படித்தபோதுதான் தெரிந்தது, மின்னலைப் பட்டம் விட்டுப் பிடித்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1785-ல் கப்பலில் அமெரிக்கா திரும்பும்போது, புகையும் சிம்னிகளைப் பற்றி ஒரு நீண்ட கடிதமே எழுதியிருக்கிறார் என்று! ஒன்பது காரணங்களில் அவர் முதலில் சொன்னது, இறுக்கி மூடிய அறை. அவரும் கதவை வைத்தேதான் அளக்கச் சொல்கிறார். 8 அடிக் கதவில் அரை அங்குல இடுக்கு என்றால் 48 சதுர அங்குலம். அதாவது 6-க்கு 8 அங்குலம் ஒரு துவாரம். எங்கள் மேஸ்திரி ஃபிராங்க்ளினைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அடுப்பைப் படித்திருந்தார்.

அடுத்து கேஷியரின் ஷேவிங் கண்ணாடியை வாங்கி கணப்புக்குள் நீட்டி சிம்னியை அண்ணாந்து பார்த்தார். வானம் தெரிய வேண்டிய இடத்தில் ஒரு ரூபாய் அளவுக்குத்தான் வெளிச்சம். சிம்னியின் தொண்டையில் இருந்த இரும்பு மூடி துருப்பிடித்து, பாதி மூடியபடி நின்றிருந்தது. அதற்கு மேலே ஒரு குருவிக் குடும்பம் எந்தக் காலத்திலோ வீடு கட்டிவிட்டுப் போயிருந்தது. கூரையேறி, கயிற்றில் கல்லும் கோணியும் கட்டி இறக்கி இழுத்ததில், கூடு, கரி, தார் மாதிரி கறுப்புப் பிசின் எல்லாம் சேர்ந்து ஒரு வாளி வந்தது. "இந்தப் பிசின் சிம்னிக்குள்ளயே தீப்பிடிக்கும் தம்பி. வருஷத்துக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணணும்" என்றார்.

கடைசியில் எங்கள் விறகைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினார். 'டொக்' என்றது. "காஞ்ச கட்டைன்னா 'டங்'குனு கேக்கும். இது பச்சை. முனையில நுரை தள்ளுது பாருங்க. நீங்க விறகை எரிக்கலை, தண்ணியைக் காய்ச்சிட்டிருக்கீங்க!" பச்சை மரத்தின் எடையில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீராகவே இருக்கும். பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் அடுக்கி வைத்தால்தான் விறகு.

அன்று இரவு கணப்பு சினிமாவில் எரிவது போலவே எரிந்தது.

மலை ஊரில் வேலையோ, நண்பர்களோடு காட்டேஜோ, உங்களுக்கும் ஒரு நாள் இந்தக் கணப்பு வாய்க்கலாம். கட்டிங் பண்ணி வைத்துக்கொள்ளுங்கள்:

1. பற்ற வைக்கும் முன் ஓர் ஊதுபத்தியை ஏற்றி கணப்பின் வாயில் பிடியுங்கள். புகை மேலே போனால் சரி. ரூமுக்குள் வந்தால் சிம்னி குளிர்ந்து கிடக்கிறது அல்லது அடைத்திருக்கிறது.

2. குளிர்ந்த சிம்னி என்றால், ஒரு பேப்பரைச் சுருட்டிக் கொளுத்தி, சிம்னியின் தொண்டைக்கு அருகே பிடித்துச் சூடு காட்டுங்கள். சூடான காற்று ஏறத் தொடங்கியதும் விறகைப் பற்ற வையுங்கள்.

3. மூடி இருந்தால் முழுசாகத் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஜன்னல் இரண்டு விரல் திறந்திருக்கட்டும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்துங்கள். அது சிம்னியோடு போட்டி போட்டுக் காற்றை இழுக்கும்.

4. எல்லாம் சரியாக இருந்தும் புகைந்தால் கணப்பின் வாய் பெரிசு என்று அர்த்தம். சிம்னித் துவாரம், வாயின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும். ஒரு தகரத்தை வாயின் மேல் விளிம்பில் வைத்து மெல்லக் கீழே இறக்குங்கள். புகை நிற்கிற இடத்தில் நிரந்தரமாகத் தடுப்பு வைக்கலாம்.

5. காற்றடிக்கும்போது மட்டும் புகை திரும்பினால் கூரையைப் பாருங்கள். சிம்னி, கூரையைத் தாண்டுகிற இடத்திலிருந்து 3 அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். சுற்றி 10 அடிக்குள் உள்ள எதையும்விட 2 அடி உசத்தியாக இருக்க வேண்டும்.

6. தணல் முழுக்க அணையும் வரை சிம்னி மூடியை மூடாதீர்கள். கரிச் சட்டி, பார்பெக்யூ அடுப்பு எதையும் ரூமுக்குள் கொண்டு வராதீர்கள். ஜன்னல் திறந்திருந்தாலும் கூடாது.

7. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அதுவும் ரூமில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே நேரத்தில் என்றால், காரணம் யோசிக்காமல் வெளியே ஓடுங்கள். அப்புறம் ஆஸ்பத்திரி.

இப்போது கார்பன் மோனாக்சைடு வாயுவைக் கண்டுபிடித்துக் கத்துகிற சின்ன அலாரம் கடையில் கிடைக்கிறது. கணப்பு உள்ள வீட்டில் படுக்கையறைக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கட்டும். 1994-ல் எங்களிடம் அது இல்லை. கேஷியர் இருந்தார்.

அவருக்குக் கல்யாணமாகி, பேரன் பேத்தியும் வந்தாயிற்று. சமீபத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். காபி கொடுத்த அவர் மனைவி, "ஒரே ரூம்ல இருந்தீங்களாமே... இவரோட குறட்டையை எப்படிண்ணா தாங்குனீங்க?" என்று கேட்டார்.

"தாங்க முடியலைதாம்மா" என்றேன். "ஆனா அது நின்னப்பதான் ரொம்பப் பயமா இருந்துச்சு."