25 இரவுகள், மூன்று பேர்

ராக் வந்த கதை – 9

லண்டன் சோஹோவில் டூ ஐஸ் காபி பாரின் நிலவறையில் நெருக்கியடித்துக்கொண்டு பாடிய பையன்களைச் சென்ற வாரம் சந்தித்தோம். அவர்களிடம் ஆசை இருந்தது, குரல் இருந்தது, தவணையில் வாங்கிய கிதாரும் இருந்தது. ராக் அண்ட் ரோலை அதன் சொந்தக்காரர்கள் வாசிப்பதை நேரில் பார்க்கும் வாய்ப்பு மட்டும் இல்லை.

அதற்குக் காரணம் கடல் மட்டுமல்ல. 1930-களின் நடுவிலிருந்தே அமெரிக்க வாத்தியக் குழுக்கள் பிரிட்டனில் வாசிப்பது பெரும்பாலும் தடைபட்டிருந்தது. உள்ளூர்க் கலைஞர்களின் பிழைப்பு கெடும் என்று இசைக்கலைஞர் சங்கம் எதிர்த்தது. தொழிலாளர் அமைச்சகமும் அனுமதி தரவில்லை. 1956-இல்தான் ஓர் உடன்பாடு வந்தது. அங்கிருந்து எத்தனை பேர் வருகிறார்களோ, இங்கிருந்து அத்தனை பேர் அங்கே போய் வாசிக்க வேண்டும். அமெரிக்க கிதார்களை இறக்குமதி செய்வதற்கும் 1959 வரை கட்டுப்பாடு. எல்விஸும் லிட்டில் ரிச்சர்டும் இசைத்தட்டிலும் திரையிலும் மட்டுமே வாழ்ந்தார்கள். பிரிட்டிஷ் பையன்களுக்கு வாய்த்தது கேள்வி ஞானம்தான்.

அந்த நிலையில் முதலில் வந்திறங்கிய அமெரிக்க ராக் பாடகர் பில் ஹேலி. 1957 பிப்ரவரி 5 அன்று குயின் எலிசபெத் கப்பலில் சவுத்தாம்ப்டன் வந்து, டெய்லி மிரர் ஏற்பாடு செய்த ரயிலில் லண்டன் வாட்டர்லூ நிலையம் சேர்ந்தார். அங்கே கூடிய கூட்டத்தைப் பார்த்துப் பத்திரிகைகள் அதை இரண்டாம் வாட்டர்லூ போர் என்றே எழுதின. மறுநாள் டொமினியன் தியேட்டரில் முதல் காட்சி. முன்பாதி முழுவதும் விக் லூயிஸ் ஆர்கெஸ்ட்ரா வாசிக்க, ஹேலி மேடையில் நின்றது அரை மணி நேரம் போல. முப்பதைத் தாண்டிய, குடும்பஸ்தரான ஹேலியிடம் பதினைந்து வயது ரசிகர்கள் தங்களைக் காணவில்லை. ஆனால் இந்த இசைக்கு டிக்கெட் விற்கும் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது.

விற்பதற்கு அரங்குகளும் காத்திருந்தன. 1946-இல் பிரிட்டனின் சினிமாக்களில் விற்ற டிக்கெட்டுகள் 163 கோடி. 1960-இல் அது சுமார் 50 கோடியாகச் சரிந்தது. 1955-இல் வணிகத் தொலைக்காட்சியும் தொடங்கியதும் மக்கள் வீட்டோடு தங்கிவிட்டார்கள். காமாண்ட், ஒடியன், கிரனாடா என்று நகரத்துக்கு நகரம் பிரம்மாண்டமான அரங்குகள். லண்டன் கில்பர்னின் காமாண்ட் ஸ்டேட்டில் மட்டும் நாலாயிரம் இருக்கைகள். சில மாலைகளில் படத்தை நிறுத்திவிட்டுப் பாட்டுக்காரர்களை மேடையேற்றுவது முதலாளிகளுக்கும் லாபம்தான்.

நிகழ்ச்சியின் அமைப்போ பழைய வெரைட்டி மேடையின் அமைப்பு. மாலையில் இரண்டு காட்சிகள். நடன ஆர்கெஸ்ட்ரா தொடங்கிவைக்கும். பிறகு மெல்லிசைப் பாடகர், சகோதரிகள் குழு, இடையிடையே தொகுப்பாளரின் நகைச்சுவை. நட்சத்திரம் கடைசியில்தான். பாடகரின் குரல் அரங்கத்தின் சொந்த ஒலிபெருக்கிகள் வழியாக வரும். அவை பேச்சுக்கும் படத்துக்கும் பொருத்தப்பட்டவை. எல்லாம் முடிந்ததும் தேசிய கீதம். அதுவரை கூச்சலிட்ட பிள்ளைகளும் எழுந்து நிற்க வேண்டும்.

இந்தச் சட்டகத்துக்குள்தான் 1958 மார்ச் 1 அன்று அமெரிக்கப் பாடகர் பட்டி ஹோலியும் அவரது கிரிக்கெட்ஸ் குழுவும் நுழைந்தார்கள். முதல் மேடை, தென் லண்டன் எலிஃபன்ட் அண்ட் காசிலின் ட்ரொகடெரோ. டெஸ் ஓ'கானர் தொகுப்பாளர். கேரி மில்லர், டானர் சிஸ்டர்ஸ், ரானி கீன் ஆர்கெஸ்ட்ரா உடன் வந்தவர்கள். ஷெஃபீல்ட், நியூகாசில், பிராட்ஃபர்ட், ஹல், லிவர்பூல், கார்டிஃப் என்று ஊர் ஊராகச் சுற்றி, மார்ச் 25 அன்று ஹாமர்ஸ்மித்தில் முடித்தார்கள். 25 நாட்களில் ஒரு நாள்கூட ஓய்வில்லை.

ஆர்கெஸ்ட்ரா நிறைத்திருந்த மேடையில் இப்போது மூன்றே பேர். ஜெர்ரி ஆலிசன் டிரம். ஜோ மால்டின் ஆளுயர பேஸ். நடுவில், தடித்த கறுப்புச் சட்டக் கண்ணாடியுடன் 21 வயது ஹோலி. தோளில் ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர். அவரே பாடினார், அவரே வாசித்தார். பாட்டுகளில் பலவும் அவர் கைபட்டவை. அழகன் என்று சொல்ல முடியாத, பள்ளிக்கூடத்து மூத்த மாணவன் போன்ற ஒருவர், இரண்டே நண்பர்களோடு நாலு சுவரையும் அதிரவைக்கிறார். எத்தனை இசைத்தட்டு கேட்டாலும் இது விளங்காது. தட்டில் கேட்பது எத்தனை பேரின் வேலை, எந்த விரல் எங்கே போகிறது என்பதெல்லாம் கண்ணுக்குத்தான் பிடிபடும்.

வூல்விச் கிரனாடாவில் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் 14 வயது மிக் ஜாகர். 1964-இல் அவரது ரோலிங் ஸ்டோன்ஸ் குழு பாடிய ஹோலியின் பாட்டு பிரிட்டிஷ் பட்டியலில் மூன்றாம் இடம்வரை ஏறியது. மார்ச் 2 அன்று லண்டன் பல்லேடியத்திலிருந்து ஹோலி தொலைக்காட்சியில் தோன்றியபோது, அவர் கைகளையே உற்றுப் பார்த்ததாகப் பால் மெக்கார்ட்னி பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதே ஆண்டு ஜூலையில், லிவர்பூலில் ஒரு வீட்டோடு சேர்ந்த சிறு ஒலிப்பதிவுக்கூடத்தில், அவரும் லெனனும் ஹாரிசனும் இருந்த குவாரிமென் குழு முதன்முதலாகத் தட்டில் பதித்த பாட்டுகளில் ஒன்று ஹோலியுடையது. லக்னோவில் பிறந்த கிளிஃப் ரிச்சர்ட் அக்டோபரில் தன் முதல் சுற்றுப்பயணம் கிளம்பினார். அவருக்கு கிதார் வாசித்த ஹாங்க் மார்வின் ஹோலியைப் போலவே தடித்த கறுப்புக் கண்ணாடி அணிந்தவர். மறு ஆண்டு கிளிஃப் அமெரிக்காவிலிருந்து தருவித்த ஸ்ட்ராடோகாஸ்டர் மார்வினின் கைக்கு வந்தது.

ஹோலி திரும்பி வரவே இல்லை. 1959 பிப்ரவரி 3 அன்று விமான விபத்தில் இறந்தார். பிரிட்டனுக்கு அவர் கொடுத்தது அந்த 25 நாட்கள்தான்.

இசைக்கலைஞர் சங்கத்தின் அச்சத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். மூன்று பேரால் ஓர் அரங்கை நிரப்ப முடியும் என்றால், ஆர்கெஸ்ட்ராவில் சாக்ஸபோன் வாசித்துக் குடும்பம் நடத்தியவர் கவலைப்படத்தான் செய்வார். பின்னாளில் நடன ஆர்கெஸ்ட்ராக்கள் தேயவும் செய்தன. ஆனால் அடுத்த தலைமுறைக் கலைஞர்கள் உருவானதும் அதே அரங்குகளின் இருக்கைகளில்தான். இசைத்தட்டு ஆசையை மூட்டும். தானும் வாசிக்கலாம் என்ற துணிச்சல், வாசிப்பவரை இருபதடி தூரத்தில் பார்க்கும்போதுதான் வருகிறது. கலை வேரூன்ற வேண்டுமானால் கலைஞர் அந்த ஊருக்கே வந்தாக வேண்டும். லண்டனோடு நிற்காமல் ஹல்லுக்கும் விகனுக்கும் ஹோலி போனார் என்பதே இந்தப் பயணத்தின் பெருமை.

அடுத்த வாரம்: 1960-இல் ஜீன் வின்சென்டும் எடி காக்ரனும் மேற்கொண்ட பயணம், பிரிஸ்டலில் அதன் கடைசி மேடை.

(தொடரும்)