ரிவ்யூ தேதி நெருங்கும்போது

உட்காருங்கள் அக்கா, டீ குடித்துக்கொண்டே பேசலாம். ஆபரேஷன் ஆயிற்று, கீமோ ஆயிற்று, கரண்ட் என்கிற கதிர்வீச்சும் முடிந்துவிட்டது. “எல்லாம்தான் சரியாயிடுச்சே, இன்னும் ஏன் முகம் வாடியிருக்கு?” என்று வீட்டில் கேட்கிறார்கள். உங்களுக்கோ குளிக்கும்போதெல்லாம் கை தானாக அக்குளைத் தடவிப் பார்க்கிறது. ரிவ்யூவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே தூக்கம் போய்விடுகிறது. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த பெண்களில் ஏராளமானோருக்கு, நோய் திரும்பிவிடுமோ என்ற இந்தப் பயம் இருக்கிறது. சிகிச்சை நடக்கும்போது அடுத்த ஊசி, அடுத்த ரத்தப் பரிசோதனை என்று நாள் ஓடிவிடும். அலைச்சல் நின்ற பிறகுதான் மனசு யோசிக்கவே ஆரம்பிக்கிறது.

திரும்ப வரவே வராது என்று நான் சொல்ல மாட்டேன். யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் ஆபத்து எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை. கட்டி எவ்வளவு பெரிதாக இருந்தது, அக்குள் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருந்ததா, என்ன வகை என்பதையெல்லாம் பொறுத்தது அது. ஹார்மோன் சாராத டிரிபிள் நெகட்டிவ் வகை திரும்புவதானால் பெரும்பாலும் முதல் சில வருடங்களில் திரும்பும். 5 வருடம் தாண்டினால் ஆபத்து நன்றாகவே குறைந்துவிடும். ஹார்மோன் சார்ந்த வகையில் அந்த ஆபத்து கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடம் நீடிக்கும். அதற்காகத்தான் டமாக்சிபென், லெட்ரோசோல் போன்ற மாத்திரைகளை 5 வருடம், சிலருக்கு 10 வருடம்கூடக் கொடுக்கிறார்கள்.

லெட்ரோசோல் போடுகிற பலருக்குக் காலையில் எழுந்ததும் முட்டியும் விரல் மூட்டுகளும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். எலும்புக்குப் பரவிவிட்டது என்று நினைத்து இரவெல்லாம் அழுகிறவர்கள் உண்டு. வலி தாங்காமல் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. எனக்கு அதுதான் பெரிய கவலை. நிறுத்தாதீர்கள் அக்கா. டாக்டரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்ப்பார். தினமும் நடப்பதும் அந்த வலியைக் குறைக்கும்.

அடுத்தது பெட் ஸ்கேன். ஆறு மாதத்துக்கு ஒன்று எடுத்துவிட்டால் நிம்மதி என்று தோன்றும். பெட் ஸ்கேன் இல்லாவிட்டாலும், இப்படி அடிக்கடி ஸ்கேன் எடுப்பது உதவுமா என்று இத்தாலியில் சோதித்தே பார்த்தார்கள். சிகிச்சை முடித்த பெண்களில் ஒரு பிரிவினருக்கு எலும்பு ஸ்கேன், நெஞ்சு எக்ஸ்ரே எல்லாம் அடிக்கடி எடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு டாக்டர் பரிசோதனையும் மேமோகிராமும் மட்டும். 1994இல் வெளியான இரண்டு ஆய்வுகளிலும் உயிர் பிழைப்பதில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நம் ஊரில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. டிபி பாதித்த இடம்கூடச் சில சமயம் பெட் ஸ்கேனில் ஒளிரலாம். பிறகு அது என்னவென்று தெரிய ஊசி குத்தி எடுக்க வேண்டிவரும். அந்த ரிசல்ட் வரும்வரை வீடே சாப்பிடாது. தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு முதல் 3 வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு செக்கப், அடுத்த 2 வருடம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒன்று, பிறகு வருடம் ஒன்று, கூடவே வருடாந்திர மேமோகிராம். இவ்வளவு போதும்.

அதற்காக உடம்பு சொல்வதைத் தள்ளிப்போடவும் கூடாது. தழும்பிலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி, இரவிலும் விடாத எலும்பு வலி, விடாத இருமல், மூச்சிரைப்பு, காரணமில்லாமல் எடை குறைவது, வாந்தியோடு தலைவலி, கண் மஞ்சளிப்பது: இவை கவனிக்க வேண்டியவை. வலி ஆரம்பித்த தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். இரண்டு வாரத்தில் அடங்காத எதற்கும் ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். கட்டி, மூச்சுத்திணறல், மஞ்சள் என்றால் இரண்டு வாரம்கூட வேண்டாம், உடனே போங்கள்.

பயத்துக்கே தனியாக வைத்தியம் இருக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. ஆஸ்திரேலியாவில் இதற்கென ஐந்து அமர்வுகள் கொண்ட ஆலோசனை முறையை உருவாக்கினார்கள். 2017இல் வந்த ஆய்வில், தளர்வுப் பயிற்சி எடுத்தவர்களைவிட இந்த ஆலோசனை பெற்றவர்களுக்குப் பயம் கூடுதலாகக் குறைந்தது. “நினைக்காதே” என்று யாரும் அங்கே சொல்வதில்லை. கவலை வரும்போது அதோடு மல்லுக்கட்டாமல் கவனத்தை வேறிடம் திருப்பப் பழக்குகிறார்கள். கவலைப்படுவதற்கு என்றே மாலையில் ஒரு கால்மணி நேரம் ஒதுக்குவது இந்த வகை ஆலோசனையில் வழக்கம்; மற்ற நேரத்தில் வருவதை அதற்குத் தள்ளிவைக்கப் பழகலாம்.

முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளிகளின் மனநலத்துக்கென்று தனித் துறையே இருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் 14416க்குப் போன் செய்யலாம். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம். அடுத்த ரிவ்யூவில் ஃபைலை நீட்டும்போதே, “டாக்டர், பயத்துல தூக்கமே வரல” என்றும் சொல்லிவிடுங்கள் அக்கா. கட்டியைச் சொல்வது போல அதையும் சொல்ல வேண்டும்.