துரை ரேசரும் லயத்துச் சவரக்கத்தியும்

பழைய சாமான் கடையில் ஒரு ரேசர் கைக்கு வருகிறது. பித்தளை மேனி, அங்கங்கே உரிந்துபோன வெள்ளிநிறப் பூச்சு, ஈரக்கையிலும் வழுக்காமல் இருக்கக் குறுக்கும் மறுக்குமாகக் கோடு வெட்டிய கைப்பிடி. திருப்பிப் பார்த்தால் ‘பேட்டன்ட் நவம்பர் 15, 1904’ என்று பொறித்திருக்கிறது. விலை அந்த நொடியே ஏறிவிடும். நூற்றிருபது வருஷத்துச் சாமான் என்று விற்பவர் சொல்வார், வாங்குபவரும் நம்பிவிடுவார்.

அந்தத் தேதி ரேசர் பிறந்த தேதி அல்ல. மெல்லிய பிளேடைப் போட்டுத் தேய்ந்ததும் எறிந்துவிடும் ரேசருக்காக, கிங் ஜில்லெட் என்ற அமெரிக்கருக்குக் காப்புரிமை கிடைத்த நாள் அது. அதற்குப் பின் பல ஆண்டுகள் செய்த ரேசர்களிலும் அதே தேதியைத்தான் பொறித்தார்கள். பழைய ரேசர்களின் வயதைக் கணிக்க முனைபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: பொருளின் மேல் ஓர் ஆண்டு இருந்தால், பொருள் அந்த ஆண்டுக்கு முந்தியதல்ல என்பது மட்டுமே உறுதி. எவ்வளவு பிந்தியது என்பதை வேறு அடையாளங்கள் சொல்ல வேண்டும்.

இலங்கையின் மலையகத்தில் இந்தக் கணிப்புக்குத் தனி மதிப்பு உண்டு. ரயில் 1884-இல் ஹட்டனுக்கும் 1885-இல் நானுஓயாவுக்கும் வந்து சேர்ந்தது. தேயிலைத் தோட்டங்களை நடத்திய பிரித்தானியத் துரைமாரின் பெட்டி படுக்கையும் சவரச் சாமானும் அந்த வழியாகத்தான் மலையேறின. முகம் மழித்து, கழுத்துப்பட்டி கட்டி மேசைக்கு வருவது அவர்களுடைய வாழ்க்கையில் கட்டாயம். 1876-இல் தொடங்கிய நுவரெலியா ஹில் கிளப் இரவுச் சாப்பாட்டுக்கான உடை ஒழுங்கைப் பிற்காலத்திலும் விடாமல் காத்துவந்தது. 1972-லும் 1975-லும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. துரைமார் போனபின் பங்களாக்களில் மிஞ்சிய சில்லறைப் பொருள்கள் கை மாறிக் கை மாறி எங்கெங்கோ போய்விட்டன.

பங்களாவுக்குக் கீழே, தொழிலாளர் குடியிருந்த லயத்தில் சவரம் வேறு மாதிரி நடந்தது. கங்காணிமார் தமிழகத்திலிருந்து ஆள்கட்டி வந்தபோது சலவைத் தொழிலாளரும் சவரத் தொழிலாளரும் கூடவே வந்தார்கள். தோட்டத்துக்கு ஒரு டோபி, ஒரு பாபர் என்ற ஏற்பாடு நிலைத்தது. அவர்களுக்குரிய கூலி மற்றத் தொழிலாளர்களின் சம்பளத்திலிருந்தே கழிக்கப்பட்டது. சம்பளச் சீட்டில் சங்கச் சந்தாவுக்கும் கோயில் காசுக்கும் பக்கத்தில் டோபி, பாபர் என்ற கழிவுகளும் இருந்தன. பாபரின் கையில் இருந்தது ரேசர் அல்ல, மடக்குச் சவரக்கத்தி. முகச்சவரம், பிள்ளைக்கு முடியிறக்குவது, கருமாதி என்று எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கத்திதான்.

ஆக, மலையகத்தில் கிடைக்கக்கூடிய பழைய சவரச் சாமான் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தது: பங்களாவின் ரேசர், லயத்தின் சவரக்கத்தி. இரண்டின் எஃகையும் தேடிப் போனால் வழி ஸ்வீடனுக்கும் போகிறது.

ஸ்வீடனின் டன்னமோரா சுரங்கத்து இரும்பு மிகத் தூய்மையானது. இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்து எஃகுக்காரர்கள் பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே ஸ்வீடன் இரும்பை வரவழைத்துத்தான் தங்கள் சிறந்த எஃகை உருக்கினார்கள். ஆகவே ‘ஷெபீல்டு’ என்று பொறித்த நல்ல கத்தியிலும் ஸ்வீடன் இரும்பு இருக்கலாம். ஸ்வீடனுக்குள்ளேயே எஸ்கில்ஸ்தூனா என்ற ஊர் கத்தித் தொழிலுக்குப் பேர்பெற்றது. அங்கே ஹெல்யெஸ்ட்ராண்ட் போன்ற பட்டறைகள் செய்த சவரக்கத்திகளை இன்று உலகெங்கும் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். அவற்றில் ஒரு வகையை வடிவத்தை வைத்தே கண்டுகொள்ளலாம். முதுகு தடித்த தனிச் சட்டமாக இருக்கும்; அதற்குள் மெல்லிய, கடினமான எஃகுத் தகடு பொருந்தியிருக்கும். 1862-இல் யோரான்சன் தொடங்கிய சான்ட்விக் நிறுவனம் பின்னாளில் பல நாட்டு பிளேடு ஆலைகளுக்கு எஃகு நாடா கொடுத்தது. பிளேடு உறையில் ‘ஸ்வீடிஷ் ஸ்டீல்’ என்று கண்டதும் அதை ஸ்வீடன் பொருள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அது எஃகு வந்த இடத்தைச் சொல்கிறது, பிளேடு செய்த இடத்தையல்ல. ஸ்வீடனில் செய்ததென்றால் ‘மேட் இன் ஸ்வீடன்’ என்றோ எஸ்கில்ஸ்தூனா போன்ற ஊர்ப்பெயரோ இருக்கிறதா என்று தேட வேண்டும்.

வயதைக் கணிக்க நல்ல வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் போதும். எழுத்தைப் படிக்குமுன் பொருளைப் படிப்பது நல்லது, ஏனென்றால் உலோகத்துக்கும் பூச்சுக்கும் கைப்பிடிக்கும் தனித்தனி வரலாறு உண்டு.

முதலில் பூச்சு. இளமஞ்சள் சாயலோடு மங்கலாக மினுங்கினால் நிக்கல். நீலச் சாயலோடு கண்ணாடிபோல் பளபளத்தால் குரோமியம். குரோமியப் பூச்சு வணிக அளவில் பரவியது 1920-களின் பிற்பாதியில்தான். எனவே குரோமியம் பூசிய ரேசர், மூடியில் 1904 என்றே பொறித்திருந்தாலும், அந்தக் காலத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது. நிக்கல் பூச்சை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலாது, பிறகும் அதைப் பூசினார்கள்.

அடுத்தது கைப்பிடியும் பெட்டியும். கறுப்பாகவோ பழுப்பாகவோ, கனமாக, தட்டினால் மொத்தென்று ஒலிக்கும் பிசின் பெட்டி பேக்லைட்டாக இருக்கலாம். அதற்குக் காப்புரிமை கிடைத்தது 1909-இல். துருப்பிடிக்காத எஃகு ஷெபீல்டில் உருவானது 1913-இல். ஆகவே ‘ஸ்டெயின்லெஸ்’ என்றோ, ஸ்வீடிஷ் மொழியில் அதே பொருள்தரும் ‘ரூஸ்ட்ஃப்ரி’ என்றோ பொறித்த கத்தி அதற்குப் பிந்தியது.

மூன்றாவது பிளேடு வடிவம். பழைய ஜில்லெட் பிளேடில் மூன்று வட்டத் துளைகள் மட்டும் இருக்கும். 1930-இல் ரேசரும் பிளேடும் மாறின. அதன்பின் நடுவே நீளப் பிளவு உள்ள பிளேடு வழக்கத்துக்கு வந்தது. கைப்பிடியின் அடிக்குமிழைத் திருகினால் தலை இரண்டு கதவாகத் திறக்கும் ரேசர் 1934-க்குப் பிந்தியது. திருகினால் மேல்மூடி, தட்டு, கைப்பிடி என மூன்றாகக் கழலும் ரேசர் பழையதாகவும் இருக்கலாம், புதியதாகவும் இருக்கலாம். 1921-இல் ஜில்லெட்டின் மூலக் காப்புரிமை முடிந்ததும் அந்த அமைப்பைப் பல நாடுகளில் பலரும் செய்தார்கள்.

அதற்குப் பிறகே எழுத்து. அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று பொறிக்க வேண்டும் என்ற சட்டம் 1891 மார்ச்சில் அமலுக்கு வந்தது. அதனால் ஊர்ப்பெயரோடு நாட்டுப் பெயரும் உள்ள சவரக்கத்தி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. நாட்டுப் பெயர் இல்லாத கத்தி பழையதாக இருக்கலாம். உள்நாட்டுச் சந்தைக்கென்றே செய்ததாகவும் இருக்கலாம். இங்கிலாந்தில் செய்த ஜில்லெட் ரேசர்களில் 694093 என்ற பிரித்தானியக் காப்புரிமை எண்ணைக் கண்டால், அது 1950-களிலோ அதற்குப் பின்னரோ செய்தது. அமெரிக்க ஜில்லெட்டில் கணக்கு இன்னும் துல்லியம். 1951 முதல் தலையின் அடிப்பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் இலக்கமும் உண்டு. எழுத்து ஆண்டைச் சொல்லும், இலக்கம் காலாண்டைச் சொல்லும். 1951-க்கு ‘டபிள்யூ’, 1954-க்கு ‘இஸட்’. 1955-இல் மறுபடி ‘ஏ’யில் தொடங்கினார்கள். ‘இ 3’ என்று கண்டால் அது 1959 ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் செய்த ரேசர்.

பிரித்தானியர் வாழ்ந்த இடங்களில் தேடுபவர் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று ரோல்ஸ் ரேசர். லண்டனில் 1920-களின் பிற்பகுதியிலிருந்து 1950-களின் பிற்பகுதி வரை செய்தார்கள். தட்டையான உலோகப் பெட்டி. ஒரு மூடியின் உட்புறத்தில் சாணைக்கல், மறு மூடியில் தோல்பட்டை. கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளினால் பெட்டிக்குள்ளேயே கத்தி தீட்டிக்கொள்ளும். புது பிளேடு வாங்கக் கடைத்தெரு தொலைவாக இருந்தவர்களுக்கு ஏற்ற சாமான். கல் உடையாமலும் தோல் வெடிக்காமலும் உள்ள பெட்டிக்கே சேகரிப்பாளர் மத்தியில் மதிப்பு.

ஏமாறும் இடம் பாகக் கலப்பு. ஒரு ரேசரின் தலையும் வேறொன்றின் கைப்பிடியும் ஒன்றாகத் திருகிக் கிடப்பது சாதாரணம். திருகு மரை ஒத்துப்போவதால் மட்டும் அவை ஒரே ரேசர் ஆகிவிடாது. பூச்சின் நிறமும் தேய்மானமும் மூன்று பாகங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கெடுக்கும் இடம் துப்புரவு. புளிபோட்டுத் தேய்த்தால் பித்தளை பளிச்சென்று வரும். கூடவே பூச்சும், பொறித்த எழுத்தின் கூர்மையும் போய்விடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பழைய பல் துலக்கும் பிரஷ், பிறகு நன்றாக உலரத் துடைத்தல், இவ்வளவே போதும். மலையக ஈரத்தில் எஃகுக் கத்திக்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு அவசியம். செல்லுலாய்டு பிடியுள்ள கத்தியை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது. அது சிதையும்போது வரும் ஆவி பக்கத்து உலோகத்தையும் அரித்துவிடும்.

இவ்வளவு அக்கறையும் பெரும்பாலும் ரேசருக்குத்தான் கிடைக்கிறது. ரேசருக்கு உலகச் சந்தை இருக்கிறது, எழுத்து அட்டவணை இருக்கிறது. பாபரின் சவரக்கத்திக்கு அப்படி எதுவும் இல்லை. கல்லில் தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்திருக்கும், பிடி உடைந்து வேறு பிடி மாற்றியிருப்பார்கள், முத்திரை பாதி அழிந்திருக்கும். சேகரிப்பாளர் அதைக் கழித்துவிடுவார். மலையக வரலாற்றுக்கோ அந்தத் தேய்மானமே சான்று. கத்தி எத்தனை காலம் உழைத்தது, உடைந்ததை எதைக்கொண்டு செப்பனிட்டார்கள் என்பதை அதில் காணலாம். தோட்டத்துக் கணக்குப் புத்தகங்கள் பாபரின் பேரையும் கழிவையும் எழுதின, அவருடைய தொழிலை எழுதவில்லை. அந்தக் கத்தி பழைய இரும்போடு எடை போடப்பட்டுவிட்டால் அந்தத் தொழிலுக்கான நேரடி ஆதாரம் ஒன்று குறைந்துபோகும்.

எனவே முத்திரையைப் படித்து முடித்ததும் ஒரு தாளை எடுத்து எழுதிவைக்க வேண்டும்: கத்தியில் தெரியும் எழுத்துகள், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், பாவித்தவர் யார், ஏறத்தாழ எந்த ஆண்டுகளில், யார் கையிலிருந்து யாருக்கு வந்தது. கம்பளைப் பக்கத்தில் ஓல்ட் பீகொக் தோட்டத்தின் பழைய லயத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் அமைந்திருக்கின்றன. தாத்தாவின் கத்தியை வைத்திருக்கும் குடும்பங்கள் அங்கே விசாரிக்கலாம். கொடுத்துவிட மனம் வராதவர்கள் இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து, அந்தத் தாளின் பிரதியோடு கொடுத்து வைக்கலாம். கத்தி வீட்டிலேயே இருக்கட்டும்.