யோகா டீச்சர் ஆகப் போறீங்களா?

"டாக்டர், மூணு வருஷமா யோகா செய்றேன். முதுகு வலி போயிடுச்சு. நல்லா தூக்கம் வருது. நானும் நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்தா என்ன?"

என் வைத்தியசாலைக்கு வரும் குடும்பத் தலைவிகள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். ரிட்டயரான ஆண்களும் கேட்கிறார்கள். நல்ல ஆசைதான்! மொட்டை மாடியில் நாலு பாய் விரித்தால் வகுப்பு தயார். ஆனால், நீங்கள் செய்வது வேறு, அடுத்தவரைச் செய்ய வைப்பது வேறு. உங்கள் உடம்பு உங்களுக்குத் தெரியும். எதிரே பாயில் உட்கார்ந்திருப்பவரின் உடம்பு தெரியுமா?

ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா என்னிடம் மூட்டு வலிக்கு வந்தார். கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருப்பவர். பேச்சுவாக்கில், தெருவில் நடக்கும் வகுப்பில் தினமும் சிரசாசனம் செய்வதாகச் சொன்னார். "கண்ணுல பிரச்னை இருக்கான்னு டீச்சர் கேக்கலையாம்மா?" என்றேன். "கேக்கலை டாக்டர். கண்ணுக்கும் யோகாவுக்கும் என்ன சம்பந்தம்னு நானும் சொல்லலை" என்றார்.

சம்பந்தம் இருக்கிறது. தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் சட்டென்று ஏறும். ஏற்கெனவே நரம்பு பாதித்த கண்ணுக்கு அது ஆபத்து. கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பி வராது. உடனே நிறுத்தச் சொல்லி, கண் டாக்டரிடம் அனுப்பி வைத்தேன். அந்த டீச்சர் அக்கறை இல்லாதவர் அல்ல. அவர் படித்த பத்து நாள் பயிற்சியில் ஆசனம் போடக் கற்றுக் கொடுத்தார்கள். கேள்வி கேட்கக் கற்றுக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கே, எவ்வளவு நாள் படிப்பது?

மத்திய ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் யோகா சான்றளிப்பு வாரியம் இயங்குகிறது. ஆரம்ப நிலை ஆசிரியருக்கு 200 மணி நேரம், அடுத்த நிலைக்கு 400, அதற்கும் மேலே 800 மணி நேரம் என்று படிப்படியாகப் பாடத்திட்டம் வைத்திருக்கிறார்கள். எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டும் உண்டு. தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினாலும் 200 மணி நேரத்துக்கு 100 நாள் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்து நாளில் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

விளம்பரங்களில் வரும் எல்லா '200 மணி நேரமும்' ஒன்றல்ல. அமெரிக்காவின் யோகா அலையன்ஸ் என்ற தனியார் அமைப்பும் அதே 200 மணி நேரக் கணக்கை வைத்திருக்கிறது. அது வேறு, நம் அரசு வாரியம் வேறு. பணம் கட்டும் முன் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பாரம்பரியம் உள்ள நிலையங்களும் இருக்கின்றன. லோனாவ்லாவில் 1924-ல் தொடங்கிய கைவல்யதாமா, சென்னையில் 1976-ல் தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம் இரண்டும் பெயர் பெற்றவை. ஆளுக்கேற்ற ஆசனம் என்பதுதான் கிருஷ்ணமாச்சாரியாரின் வழி. எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைக்க முடியுமா?

முதல் நாள் கேட்க வேண்டியவை

எங்கே படித்தாலும் உடற்கூறும், யாருக்கு எது கூடாது என்பதும் பாடத்தில் இருக்க வேண்டும். ஆசிரியரான பிறகு, வருகிறவரிடம் முதல் நாளே இவற்றைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்:

* ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உண்டா? இருந்தால் கபாலபாதி, பஸ்திரிகா வேண்டாம்.
* கர்ப்பமா? அப்படியானால் இந்த வேகமான மூச்சுப் பயிற்சிகளும், வயிற்றை அழுத்தும் ஆசனங்களும் கூடாது.
* முதுகுத் தண்டில் டிஸ்க் விலகல், எலும்புத் தேய்மானம் உண்டா? முன்பக்கம் ஆழமாக வளைய வைக்காதீர்கள்.
* கழுத்து வலி, கண் அழுத்த நோய் உண்டா? சிரசாசனம், சர்வாங்காசனம் வேண்டாம்.
* கடைசியாக எப்போது சாப்பிட்டார்? வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் மூன்று மணி நேரமாவது போகட்டும்.

இன்னொன்று. யோகா, இயற்கை மருத்துவத்தில் டாக்டராக வேண்டுமானால் ஐந்தரை வருஷப் பட்டப்படிப்பு இருக்கிறது. சான்றிதழ் வாங்கிய டீச்சர் டாக்டர் ஆகிவிட மாட்டார். "சர்க்கரை மாத்திரையை நிறுத்திடுங்க" என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்!

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விளக்குகிறார். அந்த எட்டில் ஆசனம் மூன்றாவதுதான். இயமமும் நியமமும் அதற்கு முன்னால் வருகின்றன. பிற உயிருக்குத் தீங்கு செய்யாமை இயமத்தில் அடங்கும். வந்தவரின் உடம்பைப் பற்றி விசாரிப்பதும் அதில் சேர்ந்ததுதான். ஆகவே தைரியமாகப் படியுங்கள், அவசரப்படாமல் படியுங்கள். முதல் மாணவர் வந்ததும் பாயை விரிப்பதற்கு முன்னால் நோட்டை எடுங்கள்.