முதியோர் இடுப்பு முறிவும் அறுவைப் புண் தொற்றும்

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்திய மக்களில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 8.6 சதவீதம், கேரளத்தில் 12.6 சதவீதம். முதுமையில் எலும்பு மெலிவதால், வழுக்கி விழுந்தாலே இடுப்பு எலும்பு முறிந்துவிடுகிறது. கொச்சியின் பழைய வாணிகப் பகுதியான மட்டாஞ்சேரியில், குறுகிய தெருக்களிலும் பழைய வீடுகளிலும் வாழும் முதியோருக்கு இந்த அபாயம் புதிதன்று.

முறிவை அறுவைச் சிகிச்சையால் சரிசெய்யலாம். ஆனால், புண்ணில் கிருமி புகுந்தால் மீண்டும் நடக்கும் வாய்ப்பும், சில வேளை உயிரும் பறிபோகும். செயற்கை எலும்புத் தலை பொருத்தப்பட்ட ஏறத்தாழ 4,900 முதியோரிடம் பிரிட்டனில் நடத்தப்பட்ட ஆய்வு 2023இல் வெளியாயிற்று. அதில், 90 நாட்களுக்குள் ஆழ்ந்த தொற்றுக்கு ஆளானோர் நூற்றுக்கு இருவருக்கும் குறைவே. எனினும், அந்த ஒருவருக்கு நேரும் இழப்பு மிகப் பெரிது.

சிகிச்சை முறை

உள்ளே பொருத்திய உலோகத்தின் மீது கிருமிகள் மெல்லிய படலமாகப் படிகின்றன. அப்படலத்தை மாத்திரை மட்டும் அழிப்பதில்லை. எனவே, புண்ணைத் திறந்து, கெட்ட திசுக்களை அகற்றிக் கழுவ வேண்டும்; ஆழத்திலிருந்து எடுத்த மாதிரிகளைச் சோதித்துக் கிருமிக்கேற்ற மருந்தைப் பல வாரங்கள் தர வேண்டும். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் உலோகத்தைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். காலந்தாழ்ந்தால் அதை அகற்ற நேரிடும். செலவும் துன்பமும் பன்மடங்காகும்.

வீட்டில் கவனிப்பு

தொற்று பெரும்பாலும் நோயாளி வீடு திரும்பிய பின்னரே வெளிப்படுகிறது. புண்ணில் ஓயாத கசிவு, சிவப்பு, தணியாத வலி ஆகியவை அதன் அறிகுறிகள். முதியோருக்குக் காய்ச்சல் வராமலும் இருக்கலாம். இந்நிலையில் கடையில் மாத்திரை வாங்கி உட்கொள்வது நோயை மறைக்கும். சோதனையிலும் கிருமி அகப்படாது போகும். மருத்துவர் சீட்டின்றி நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்து விற்பதைத் தடுக்க, 2024இல் கேரள அரசு 'ஆபரேஷன் அம்ருத்' எனும் சோதனை நடவடிக்கையைத் தொடங்கியதன் பொருத்தம் இங்கே விளங்கும்.

படுக்கையில் கிடப்போரை இல்லம் தேடிச் சென்று பேணும் அமைப்பு, கேரளத்தில் 2008ஆம் ஆண்டுக் கொள்கையின் வழி உள்ளாட்சி மன்றங்களால் வளர்க்கப்பட்டது. அச்செவிலியர் அறுவைப் புண்ணையும் 90 நாட்கள் கவனித்து, ஐயம் எழுந்தவுடன் அறுவை செய்த மருத்துவமனைக்கே நோயாளியைத் திருப்பி அனுப்புவாராயின், புதிய கட்டடம் ஏதுமின்றியே பல முதியோர் மீண்டும் எழுந்து நடப்பர்.