ஆறில்லாத் தீவின் கோடை மழை

தென் பசிபிக் மாகடலில், சிலி நாட்டுக் கரையிலிருந்து சுமார் 3,500 கிலோமீட்டர் தொலைவில் தனித்துக் கிடக்கிறது ஈஸ்டர் தீவு. பூமியின் தென்பாதியில் இருப்பதால் பிப்ரவரியும் மார்ச்சும் அங்கே கோடையின் இறுதி மாதங்கள். கடற்காற்று வெம்மையைத் தணிக்கும். திடீரெனக் கருமேகம் திரண்டு மழை கொட்டும்; சற்று நேரத்தில் மீண்டும் வெயில் எறிக்கும்.

இத்தனை மழை பெய்தும் அத்தீவில் ஓர் ஆறு கூட இல்லை! எரிமலைப் பாறைகளின் நுண்துளைகள் நீரை உறிஞ்சிவிடுகின்றன. அந்நீர் நிலத்தடியே சென்று கடலோரத்தில் கசிகிறது. கடல் உள்வாங்கும் வேளையில் அதனைச் சேகரித்தே அம்மக்களின் முன்னோர் தாகம் தணித்தனர்.

மழை பொய்த்தால் நிலை என்ன? அங்குள்ள ரானோ ராராக்கு என்னும் எரிமலைவாய் ஏரி வறண்டது. 2023 பிப்ரவரியில், நீர் நிறைந்திருக்க வேண்டிய அதன் படுகையில் பழங்காலக் கற்சிலையொன்று வெளிப்பட்டது.

வானிலிருந்து இறங்கும் ஒவ்வொரு துளியும் வல்ல அல்லாஹ்வின் ரஹ்மத். ஒளூச் செய்யும்போதும் நீரை விரயமாக்கலாகாது எனப் போதிக்கும் மார்க்கம் நம்முடையது. குழாயைத் திறக்கும் நம் கரங்கள் இதனை மறக்கலாமா?